ஆறடி நாலு அங்குல ஆளுக்கு வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள்

என் உயரம் 193 செ.மீ., பழைய கணக்கில் ஆறடி நாலு அங்குலம். எடை 95 கிலோவை ஒட்டி. வீடு சூலூரில். வேலை சிங்காநல்லூரைத் தாண்டி ஒரு பம்ப் கம்பெனியில், வந்து இறங்கும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து எடுத்துக்கொள்ளும் பிரிவில். போக வர திருச்சி ரோடுதான். ஒண்டிப்புதூர் மேம்பாலத்தை விட்டால் சொல்லும்படியான ஏற்றம் கிடையாது. சைக்கிளுக்குத் தோதான வழி.

வழி தோதாக இருந்தாலும் வண்டி தோதாக அமைவது கஷ்டம். ஐந்தடி ஐந்து, ஐந்தடி எட்டு ஆட்களை மனதில் வைத்துத்தான் கடைகளில் சரக்கு எடுத்து வைக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் போய்க் கேட்டால், "சீட்டைத் தூக்கிக்கலாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சீட்டைத் தூக்கினால் மட்டும் போதாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வண்டிகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன்: மச்சான் வாங்கிய 29 வீல் எம்.டி.பி. (மலைப்பாதைக்கென்று செய்த வண்டி), பெரியப்பாவின் 24 இஞ்ச் பிரேம் பழைய சைக்கிள், நான் இப்போது தினமும் ஓட்டும் எக்ஸ்எல் அளவு ஹைபிரிட் (பந்தய வண்டிக்கும் எம்.டி.பி.க்கும் நடுத்தரமான கியர் வண்டி). கம்பெனிப் பெயர்களை விட்டுவிட்டேன். மாடல் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருக்கும். அளவுகளை எழுதி வைத்தால் எந்தக் கடையிலும் உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறடி இரண்டுக்கு மேல் இருப்பவர் தினமும் வேலைக்குப் போக வாங்கினால், எக்ஸ்எல் பிரேம் ஹைபிரிட்டை வாங்கி, ஹேண்டிலை உயர்த்தி, பின் வீலை மாற்றிக்கொள்வது நல்லது. தூரம் குறைவு, காற்று தொல்லையில்லாத ஊர் என்றால் 24 இஞ்ச் பிரேம் பழைய வண்டியைப் போல சுகம் எதிலும் இல்லை. வீல் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வாங்க வேண்டாம்.

மச்சானும் ஆறடிக்கு மேல். டவுனில் ஒரு கடையில் அவரிடம் சொன்னார்களாம்: "நீங்க ஒசரமா இருக்கறீங்கண்ணா, இருபத்தொம்பது வீல் எடுத்துக்குங்க, கரெக்டா இருக்கும்." இந்த ஒரு பேச்சை நம்பி எத்தனை பேர் முட்டிவலியோடு சுற்றுகிறார்களோ தெரியவில்லை. சைக்கிளை வீல் அளவு சொல்லி விற்பது இங்கே பழகிவிட்டது. 20, 24 பிள்ளைகளுக்கு, 26, 27.5, 29 பெரியவர்களுக்கு. ஆனால் ஆளுக்குப் பொருந்த வேண்டியது பிரேம். அதே 29 வீலில் 17 இஞ்ச் பிரேமும் வரும், 21 இஞ்ச் பிரேமும் வரும். கடையில் நிற்பது பெரும்பாலும் 17, 18.

மச்சான் வண்டி 18 இஞ்ச். அதாவது பெடல் அச்சின் (இரண்டு பெடல் தண்டுகளும் சேர்ந்து சுற்றும் நடு அச்சு) நடுவிலிருந்து சீட்டுக்குழாயின் வாய் வரை 46 செ.மீ. அதே அச்சிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை எனக்கு 80 செ.மீ. வேண்டும். சீட்டின் தடிமன் 5 செ.மீ. போனால், சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் 29 செ.மீ. வெளியே நிற்க வேண்டும். வண்டியோடு வந்த போஸ்ட்டின் மொத்த நீளமே 35. மிச்சம் உள்ளே இருப்பது 6 செ.மீ.தான். எல்லாப் போஸ்ட்டிலும் இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஒரு கோடு பொறித்திருப்பார்கள். நான் ஓட்டிப் பார்க்கும் உயரத்துக்கு வைத்தால் அந்தக் கோடு வெளியே வந்து நிற்கிறது. கோடு தெரிகிறபடி ஓட்டக் கூடாது. என் எடையில் ஒரு ஆள் பள்ளத்தில் இறங்கும்போது, நீட்டி நிற்கும் போஸ்ட் நெம்புகோலாகி சீட்டுக்குழாயின் வாயை நெம்பும். குழாயும் மேல் பாரும் சேரும் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடுவது இப்படித்தான். பட்டறையில் அப்படி வந்து நிற்கும் பிரேம்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நீளமான போஸ்ட் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். 40 செ.மீ. போஸ்ட் கிடைக்கிறது, போடலாம். உடையும் பயம் குறையும். ஆனால் உட்காரும் விதம் சரியாகாது. சீட்டுக்குழாய் நேராக நிற்பதில்லை, 72, 73 டிகிரியில் பின்னால் சாய்ந்திருக்கிறது. சீட்டை 10 செ.மீ. மேலே தூக்கினால் அது 3 செ.மீ. பின்னாலும் போய்விடும். உடம்பின் கனமெல்லாம் பின் வீலுக்கு மேலே வந்துவிடுகிறது. மேம்பாலம் ஏறும்போது முன் வீல் லேசாகி ஹேண்டில் அலைகிறது. சீட்டைத் தூக்கத் தூக்க ஹேண்டிலோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. மச்சான் வண்டியில் சீட்டு ஹேண்டிலைவிட நாலு விரல்கடை மேலே நின்றது. அப்படிக் குனிந்து ஓட்டும்போது உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது. ஒண்டிப்புதூர் வருவதற்குள் எனக்குச் சுண்டுவிரல் மரத்துப்போனது. சந்தில் சட்டென்று திருப்பினால் முட்டி ஹேண்டிலில் இடிக்கிறது. முட்டி இடிக்கிறதா என்று பார்ப்பது கடையிலேயே செய்யக்கூடிய சோதனை. கடை வாசலில் ஒரு சின்ன வட்டம் அடித்தால் தெரிந்துவிடும்.

உங்கள் அளவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நின்று, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை வருவது உள்கால் அளவு. எனக்கு 92 செ.மீ. இதை 0.883 ஆல் பெருக்கினால் 81 வருகிறது. பெடல் அச்சிலிருந்து சீட்டு வரை வேண்டிய உயரம் இதுதான். பந்தயம் ஓட்டுகிறவர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கு. சிக்னலுக்குச் சிக்னல் காலூன்ற வேண்டிய நமக்கு ஒரு செ.மீ. குறைத்துக்கொள்வது நல்லது, அதனால் 80. அதே 92ஐ 0.66 ஆல் பெருக்கினால் மேல் பார் கிடைமட்டமாக இருக்கும் வண்டிக்கான பிரேம் அளவு கிடைக்கும். எனக்கு 61 செ.மீ. வருகிறது, அதாவது 24 இஞ்ச்.

உயரம் ஒன்றே என்றாலும் கால் நீளமும் உடம்பு நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். மச்சான் என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை, ஆனால் உட்கார்ந்தால் இருவர் தலையும் ஒரே மட்டம். அதனால் உயரத்தை மட்டும் சொல்லி வண்டி கேட்காதீர்கள்.

24 இஞ்ச் பிரேம் என்று கணக்கு வந்ததும் பெரியப்பாவின் வண்டியைப் போய் எடுத்து வந்தேன். சுல்தான்பேட்டைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தேங்காய் மட்டைகளுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. ராடு பிரேக், செயின் கவர், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு, அகலக் கேரியர். அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய காலம் முதல் நம் ஊர்களில் ஓடிய அதே பிரிட்டிஷ் பாணி வண்டி. அந்தக் காலத்தில் பிரேமைத்தான் அளவு சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்: 20, 22, 24. ஆளைப் பார்த்து கடைக்காரரே எடுத்துக் கொடுத்துவிடுவாராம். இப்போது கடையில் போய் 24 இஞ்ச் என்று கேட்டால், ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கான 24 வீல் வண்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். "24 இஞ்ச் பிரேம், 28 வீல், ராடு பிரேக் வண்டி" என்று முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 22 சுலபமாகக் கிடைக்கும். 24க்குச் சொல்லி வைக்க வேண்டும், அல்லது இப்படித் தோட்டங்களில் தேட வேண்டும்.

ஓவராயில் செய்து, டயர் டியூப் மாற்றி, பால்ரஸ் (அச்சுகளில் உருளும் குண்டுகள்) புதிதாகப் போட்டு ஓட்டத் தொடங்கினேன். உயரமானவர்கள் வாழ்க்கையில் ஒரு முறையாவது இதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதுகு நேராக நிற்கிறது. ஹேண்டில் பிடி சீட்டுக்கு மேலேயே வந்து கையில் தானாக உட்காருகிறது. சீட்டுக்குழாயும் முன் ஃபோர்க்கும் இன்றைய வண்டிகளைவிட அதிகம் சாய்ந்திருப்பதால் இரண்டு வீலுக்கும் இடையில் தாராளமாக நீளம் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் அதிர்ச்சி பாதிதான் இடுப்புக்கு வருகிறது. முட்டி எதிலும் இடிப்பதில்லை. பாரைத் தாண்டி நின்றால் எனக்கு இன்னும் மூன்று விரல் இடம் மிச்சம். ஐந்தடி எட்டு ஆள் இந்த வண்டியில் நின்றால் பார் மேலேதான் நிற்க வேண்டியிருக்கும். நமக்கென்று செய்த வண்டி என்ற உணர்வு எனக்கு வந்தது இதில்தான்.

குறைகளையும் சொல்லணும். கொடுக்கும்போதே பெரியப்பா, "பாத்து ஓட்டு கண்ணு, பிரேக்கு சித்தெ நேரங் களிச்சுத்தான் புடிக்கும்" என்றார். மழையில் அது முழு உண்மை. ராடு பிரேக்கின் ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி அழுத்துகிறது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்குகிறது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் தென்மாவட்டத்து பஸ்கள் திரும்புகிற இடத்தில் இது விளையாட்டில்லை. கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டை, அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 'டக் டக்' என்று ஒரு ஆட்டம் வரும். உடனே மாற்றாவிட்டால் அச்சையும் தின்றுவிடும். வண்டி 20 கிலோவுக்கு மேல். வீட்டுப் படியில் தூக்கி ஏற்றுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

டயர் வாங்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. பழைய வண்டியின் 28 இஞ்ச் டயரும், ஹைபிரிட்டின் 700சி டயரும் பேச்சுக்கு இரண்டுமே 28 தான். ஆனால் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் பழையதில் 635 மி.மீ., புதியதில் 622. ஒன்றை மற்றொன்றில் ஏற்ற முடியாது. டயர் ஓரத்தில் பொறித்திருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பழைய அளவு டயர் இன்றும் எந்தக் கிராமத்து பஞ்சர் கடையிலும் தொங்குகிறது, அது பெரிய நிம்மதி.

இவ்வளவு பிடித்தும் அந்த வண்டியைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் விட்ட வாசல் வழியாக, வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை காற்று இந்தப் பக்கம் கொட்டுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அதை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். சூலூரிலிருந்து கோவைக்குப் போவது மேற்கு முகமாக. காலையில் வேலைக்குப் போகும்போது காற்று நேராக நெஞ்சில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆறடி நாலு உடம்பு அந்தக் காற்றில் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். பழைய வண்டியில் ஒரே கியர். ராவத்தூர் பிரிவு தாண்டுவதற்குள் தொடை இறுகிவிடும். சாயங்காலம் அதே காற்று முதுகில் கை வைத்து வீடு வரை கொண்டுவந்து விடுகிறது என்பது வேறு. ஆனால் காலையில் வியர்த்து ஊற்றிப் போய் அளவெடுக்கும் வெர்னியரைக் கையில் எடுக்க முடியாது.

கியர் வேண்டும், நிமிர்ந்தும் உட்கார வேண்டும். அதனால்தான் ஹைபிரிட்.

பல கம்பெனிகள் எக்ஸ்எல் அளவை 185 செ.மீ.க்கு மேற்பட்டவர்களுக்கு என்று போடுகின்றன. கடையில் எல் வரைதான் நின்றது. "எல்லே போதுங்கண்ணா, சீட்டு ஏத்திக்கலாம்" என்ற பழைய பாட்டு இங்கேயும். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எக்ஸ்எல் வரவழைக்கச் சொல்லி, வந்த பிறகு ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள். எல் அளவுக்கும் எக்ஸ்எல்லுக்கும் சீட்டுக்குழாயில் வித்தியாசம் நான்கைந்து செ.மீ.தான், அது பெரிய விஷயமில்லை. முன்பக்கம் ஹேண்டில் தண்டு நுழையும் குழாய் நீளமாக இருக்கிறது, மேல் பார் நீளமாக இருக்கிறது. இவை இரண்டையும் பிறகு எந்தப் பொருளை வாங்கி மாட்டியும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. உயரமான ஆள் பணம் கொடுத்து வாங்க வேண்டியது இதைத்தான்.

என் வண்டியில் சீட்டுக்குழாய் 54 செ.மீ. போஸ்ட் 21 வெளியே, 14 உள்ளே. கோடு கண்ணுக்கே தெரியாது. தரையிலிருந்து சீட்டு 105 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. ஹேண்டில் பிடி வந்தபடி 101. நான்கு செ.மீ. கீழே. உடற்பயிற்சிக்கு ஓட்டுகிறவருக்கு அது சரி, டிபன் பையோடு வேலைக்குப் போகிறவனுக்குச் சரியில்லை. ஃபோர்க் தண்டின் மேல் மாட்டும் ரைசர் ஒன்று வாங்கிப் போட்டேன். சில நூறு ரூபாய்தான். பிடி இப்போது 107. சீட்டைவிட இரண்டு செ.மீ. மேலே. சுண்டுவிரல் மரப்பது நின்றுவிட்டது.

ரைசர் போடும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஹேண்டில் மேலே போனால் பிரேக், கியர் கேபிள்களுக்கு நீளம் போதாமல் இழுக்கும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், கேபிள் விறைத்து நின்றால் நீளமான கேபிள் மாற்றித்தான் ஆக வேண்டும். மற்றது, மூடி போல்ட்டை முதலில் அளவாக முறுக்கி பால்ரஸ் ஆட்டத்தை எடுத்த பிறகே பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் கையில் ஆட்டம் தெரியக் கூடாது. ரைசருக்கு மேல் இன்னொரு ரைசர் என்று அடுக்க வேண்டாம். தண்டின் மேல் நெம்பும் பலம் கூடிக்கொண்டே போகும்.

கிராங்கு பற்றி யாரும் பேசுவதில்லை. நம் கடைகளில் பெரும்பாலான வண்டிகளில் 170 மி.மீ. கிராங்குதான். ஐந்தடி ஐந்து ஆளின் கால் நீளத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், என் கால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழ். சின்ன வட்டத்தில் கால் சுற்றுகிற மாதிரியே இருக்கும். எக்ஸ்எல் வண்டிகளில் சில 175 உடன் வருகின்றன, என்னுடையதும் அப்படித்தான். ஐந்து மி.மீ. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் எதிர்க்காற்றில் மிதிக்கும்போது நன்றாக இருக்கிறது. 170ஐ 175 ஆக மாற்றினால் சீட்டை அதே ஐந்து மி.மீ. இறக்கிக்கொள்ளுங்கள். அதைவிட நீளமான கிராங்கு தேடி அலைய வேண்டியதில்லை, வளைவில் சாயும்போது பெடல் தரையில் தட்டும்.

பின் வீல்தான் இந்த வண்டியின் பலவீனம். 32 போக்ஸ் கம்பி. பழைய வண்டியில் முன்னால் 32, பின்னால் 40 என்று கணக்குப் பார்த்துப் போட்டிருந்தார்கள். உயரமான ஆளின் எடை பெரும்பாலும் பின் வீலில்தான் இறங்குகிறது. முதல் மழைக்காலத்திலேயே செயின் பக்கம் ஒரு கம்பி, வீலின் நடுவில் இருக்கும் ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் அறுந்தது. கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொன்று. கடையில் அறுந்த கம்பியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் வீல் கோட்டம் எடுக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். வீலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் மீட்டினார். காதை வீலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சுற்றிச் சுற்றி மீட்டிக்கொண்டே வந்தார். 'டிங், டிங், டிங்' என்று வந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் 'டொக்' என்றது. "இங்க பாருங்க தம்பி, இந்த நாலும் தூங்குது. இது தூங்கறதாலதான் பக்கத்துல இருக்கறது சாகுது" என்றார். நான் பம்ப் கம்பெனியில் கற்றுக்கொண்ட உலோகச் சோர்வும் இதையேதான் சொல்கிறது. கம்பி இறுக்கமாக இருந்தால் வீல் சுற்றும்போது அதில் பலம் கொஞ்சம்தான் ஏறி இறங்கும். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழுசாகத் தளர்ந்து மறுபடி இழுபடும். ஒரு கிலோமீட்டருக்கு நானூற்றுச் சொச்சம் சுற்று. வளைவில் வெட்டு விழாமல் என்ன செய்யும்? அவர் சொன்னபடியே 36 துளை ஹப், 36 துளை இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், புதுக் கம்பி வாங்கிக் கொடுத்தேன். கட்டி முடித்து, வீலைப் படுக்க வைத்து இரண்டு கையாலும் சுற்றிலும் அமுக்கினார். உள்ளே 'கிர்ர்' என்று கம்பிகள் உட்காரும் சத்தம். மறுபடி மீட்டிப் பார்த்து, மறுபடி முறுக்கினார். அதற்கப்புறம் ஒரு கம்பியும் போகவில்லை. எடை கூடிய, உயரமான ஆட்கள் வண்டி வாங்கிய கையோடு பின் வீலை இப்படி ஒருவரிடம் கொடுத்துக் கம்பிகளை ஒரே சீராக இறுக்கி வாங்கிவிடுங்கள். மற்ற எந்த உதிரி பாகத்தைவிடவும் இதற்குச் செய்யும் செலவுதான் பலன் தரும்.

வண்டியோடு வந்த சீட்டு ஒடுக்கம். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரம் முழுக்க இருப்பு எலும்பில் இறங்கும், அதற்கு அகலச் சீட்டு வேண்டும். பஞ்சு மெத்தைச் சீட்டு முதல் நாள் சுகமாக இருக்கும், பிறகு அமுங்கி நடுவில் குத்தும். பெரியப்பா வண்டியின் ஸ்பிரிங் தோல் சீட்டையே எடுத்து மாட்டிக்கொண்டேன். பிடிக்கும் கிளாம்பு மட்டும் பழைய அளவு, போஸ்ட் தலையில் லொடலொடத்தது. தெரிந்த லேத்தில் பித்தளையில் ஒரு மெல்லிய புஷ் (இடைவெளியை அடைக்கும் வளையம்) கடைந்து போட்டதும் சரியாகிவிட்டது. கோவையில் இருப்பதன் பெரிய வசதி இது. நமக்கு வேண்டிய அளவில் ஒரு புஷ், ஒரு வாஷர், ஒரு கிளாம்பு எந்தத் தெருவிலும் கடைந்து தருவார்கள். ஆனால் சீட் போஸ்ட்டையே தண்ணீர்க் குழாயில் வெட்டி நீளமாகச் செய்து கொடுக்கச் சொல்லாதீர்கள். அந்தக் குழாய் நீளவாக்கில் வெல்டிங் போட்டது, வளையும் பாரத்துக்குச் செய்ததல்ல. போஸ்ட்டைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

டயர் அகலம் 38 மி.மீ. காற்றழுத்தம் என் எடைக்குப் பின்னால் 60 பி.எஸ்.ஐ., முன்னால் 50. இதைவிட ஒல்லியான டயர் திருச்சி ரோட்டின் ஓரத்துக்கு ஆகாது.

கேரியரில் பை வைக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. உயரமானவர்களுக்குப் பாதமும் பெரிது. பக்கத்தில் தொங்கும் பையில் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் உரசியது. பையை ஒரு சாண் பின்னால் தள்ளிக் கட்ட நீளமான கேரியர் தேட வேண்டியிருந்தது. முன்னாலும் பாருங்கள்: பெடலை முன்னே கொண்டுவந்து ஹேண்டிலைத் திருப்பினால் ஷூ நுனி மட்கார்டில் படுகிறதா என்று. எக்ஸ்எல்லில் எனக்குப் படவில்லை, மச்சான் வண்டியில் பட்டது. கூட வந்த பக்க ஸ்டாண்டு இந்த உயரத்துக்குக் குட்டை, பை ஏற்றினால் வண்டி சாய்ந்து விழுகிறது. நீளம் மாற்றும் வசதியுள்ள ஸ்டாண்டு வாங்கிப் போட்டேன். செயினுக்கு முழுக் கவர் கிடையாது, பேன்ட் ஓரத்தைக் கிளிப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். பழைய வண்டியில் வேட்டியோடு போகலாம், இதில் முடியாது.

நெதர்லாந்தில் 61, 65 செ.மீ. பிரேம் வண்டிகளைக் கடையில் நிறுத்தி வைத்தே விற்கிறார்கள். நிமிர்ந்து உட்காரும் வண்டி, கியரும் பின் ஹப்புக்குள்ளேயே, செயினுக்கு முழு மூடி. பெரியப்பா வண்டிக்கும் என் ஹைபிரிட்டுக்கும் நடுவில் நான் தேடுவது அதைத்தான். லூதியானாவிலோ அம்பத்தூரிலோ யாராவது 24 இஞ்ச் பிரேமில் கியர் ஹப்பும் நல்ல பிரேக்கும் வைத்து ஒரு வண்டி கொண்டுவந்தால் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன். அதுவரை இந்த எக்ஸ்எல் போதும். காற்று மாதங்களில் மூன்று கியர் இறக்கி, மேம்பாலத்தில் இன்னொன்று இறக்கி, முட்டியும் கையும் வலிக்காமல் ஆலைச் சங்கு ஊதும் முன் போய்ச் சேர முடிகிறது.

வாங்கும் முன் எக்ஸ்எல்லில் உட்கார்ந்து பார்க்க வழியில்லாதவர்கள் சூலூர்ப் பக்கம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய குளத்துக் கரைக்கு வாருங்கள். இரண்டு வண்டிகளையும் கொண்டுவருகிறேன். உள்கால் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், சீட்டை அதற்கு ஏற்றி வைத்துத் தருகிறேன், கரையில் ஒரு நடை ஓட்டிப் பார்க்கலாம்.